இல்லாத வீட்டை வரைபவன்

தொழில் தேடும் இளைஞனிடம் உலகம் கேட்கும் முதற்கேள்வி, "என்ன வேலை?" என்பது. இரண்டாவது கேள்வி, "எவ்வளவு சம்பளம்?" என்பது. "யாரிடம் வேலை?" என்னும் மூன்றாவது கேள்வியைக் கேட்போர் சிலரே. அச்சிலரும் நிறுவனத்தின் பெயரையும் பெருமையையும் அறிந்துகொள்வதற்காகவே கேட்கின்றனர். ஆனால், அறத்தின் நோக்கில் இம்மூன்றினுள் தலைமை வாய்ந்தது அம்மூன்றாவது கேள்வியே ஆகும். கணக்கெழுதத் தெரிந்த ஒருவன் ஓரிடத்தில் அமர்ந்தால் ஊரார் பணத்தைக் காக்கின்றான். வேறோரிடத்தில் அமர்ந்தால் ஊரார் பணத்தைக் கரைப்பவனுக்குத் துணை நிற்கின்றான். எழுத்தும் எண்ணும் இரண்டிடத்தும் ஒன்றே. அமர்ந்த இடம் ஒன்றே வேறு.

இவ்வுண்மையை விளக்கமாகக் காட்டவல்ல தொழில் ஒன்று இக்காலத்தில் உண்டு. இன்னும் கட்டப்படாத கட்டடத்தைக் கட்டி முடித்தாற்போல் படமாக்கிக் காட்டும் தொழில் அது. கட்டடக் கலைஞரின் வரைபடம் கோடுகளாலும் அளவுகளாலும் ஆனது. அதனைப் பழகியவர் படிப்பர். மற்றவர்க்கு அது வெறுங்கோடு. அக்கோடுகளைக் கணினியில் முப்பரிமாண உருவாக எழுப்பி, சுவருக்குச் சுண்ணமும் தரைக்குப் பளிங்கும் பூசி, பலகணி வழியே வெயிலை உள்ளே விட்டு, முற்றத்தில் மரம் நட்டு, நடைபாதையில் மனிதரை உலவவிட்டு, நிழற்படம்போல் ஆக்கித் தருபவரே கட்டடக் காட்சி ஓவியர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சாலையோரத்து விளம்பரப் பலகைகளில் மாலையொளியில் மின்னி நிற்கும் அடுக்குமாடி வீடுகளுட் பெரும்பாலானவை இவர்தம் கைவண்ணமே.

இத்தொழிலைக் கற்று வெளிவரும் ஓர் இளைஞனைக் கருதுக. பால்மரத் தோட்டத்தில் பிறந்த தந்தைக்கும் தாய்க்கும் மகன். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, கல்விக்கடன் பெற்றுத் தொழிற்கல்லூரியில் முடித்தவன். ஜொகூர் பாருவில் வீடு. அவன் முன் நான்கு வழிகள் திறந்து கிடக்கின்றன. கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேரலாம். படம் செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட பெரிய கூடமொன்றில் சேரலாம். வீடமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் சேரலாம். எவரிடமும் சேராமல் வீட்டிலிருந்தே வேலை ஏற்றுச் செய்யலாம். 1924 இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து அக்கரையில் வேலை பார்த்தால், அண்மைய ஆண்டுகளின் மாற்று விகிதப்படி, ஒவ்வொரு சிங்கப்பூர் வெள்ளியும் மூன்று மலேசிய வெள்ளிக்கு மேலாகிறது. தான் எங்கே செல்வது என்று அவன் தன் பழைய ஆசிரியரிடம் வந்து கேட்கின்றான். அவ்வாசிரியர் என்ன விடை கூறல் வேண்டும்?

விடை காணுமுன் இத்தொழிலின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. கணினியால் வந்த தொழில் இது என்று எண்ணுவது பிழை. இங்கிலாந்தில் பூங்காக்களை அமைத்துத் தந்த ஹம்ஃப்ரி ரெப்டன் என்பார் 1788 முதல் இத்தொழிலில் ஈடுபட்டவர். தம்மை அழைத்த செல்வர்களுக்குச் சிவப்பு அட்டையிட்ட ஏடுகளை அவர் ஆக்கித் தந்தார். அவ்வேட்டில் நிலத்தின் இன்றைய தோற்றம் வரையப்பட்டிருக்கும். அதன் ஒரு பகுதியாக ஒட்டப்பட்ட தாளைத் தூக்கினால், கீழே நாளைய தோற்றம் காணப்படும். பார்த்த செல்வர் மயங்கினர். அவரே 1816 இல் வெளியிட்ட நூலொன்றில் தம் சொந்தக் குடிலின் முன்புறத்தையும் அவ்வாறு காட்டினார். முதற்படத்தில் வேலியருகே ஊனமுற்ற பிச்சைக்காரர் ஒருவர் நிற்கிறார். எதிரே இறைச்சிக்கடை தெரிகிறது. தாளைத் தூக்கினால் பிச்சைக்காரரும் இல்லை, கடையும் கண்ணில் படுவதில்லை, பூஞ்செடிகள் நிற்கின்றன. அந்தப் பிச்சைக்காரர் எங்கே சென்றார் என்பதற்குப் படத்தில் விடையில்லை. இத்தொழிலின் அறச்சிக்கல் முழுவதும் அந்த ஒரு தாளின் அடியில் ஒளிந்து கிடக்கிறது எனலாம்.

அவர்க்குப் பின் வந்தவருள் ஜோசப் காண்டி என்பவர் குறிக்கத்தக்கவர். பேரங்காடிகளையும் வங்கிகளையும் எழுப்பிய பெருங்கலைஞர்கள் புகழ் பெற்ற காலத்தில், இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராகிய சர் ஜான் சோனுக்குப் பல்லாண்டு ஓவியம் தீட்டித் தந்தவர் அவர். 1830 இல் அவர் தீட்டிய ஓவியம் ஒன்று அந்த வங்கியை, கூரை திறந்து சிதைந்து கிடக்கும் பாழிடம்போல் வானிலிருந்து காட்டுகிறது. கட்டடத்தின் உள்ளமைப்பெல்லாம் அதிற் புலப்படும். சோன் செல்வராய் மறைந்தார். காண்டியோ கடனுக்காகச் சிறை புகுந்து, 1843 இல் மனநோயர் விடுதியொன்றில் உயிர் நீத்தார். அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்டு ரைட்டின் கூடத்தில் 1895 முதல் பணியாற்றிய மேரியன் மஹோனி கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர். 1910 இல் பெர்லினில் வெளிவந்து ரைட்டின் பெயரை ஐரோப்பாவெங்கும் பரப்பிய படத்தொகுதியில் பெரும்பங்கு அவர் கைத்திறனே என்று வரலாற்றாய்வாளர் கருதுவர். பெயர் மட்டும் ரைட்டுடையதாக நின்றது. பின்னர்த் தம் கணவர் வால்டர் கிரிஃபின் ஆஸ்திரேலியத் தலைநகரை வகுக்கும் போட்டியில் கலந்துகொண்டபோது காட்சிப்படங்களைத் தீட்டியவரும் அவரே. 1912 இல் வெற்றி பெற்ற அத்திட்டமே கான்பெரா நகரமாயிற்று.

இவ்விருவரினும் வேறான வழியில் நடந்தவர் ஹியூ ஃபெரிஸ். நியூயார்க்கில் காஸ் கில்பர்ட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் பணியாற்றிய அவர், 1915 அளவில் அவ்விடம் நீங்கித் தனித்து நின்றார். வானளாவிய கட்டடங்கள் தெருவின் ஒளியை முழுதும் மறைத்துவிடாமல், உயர உயரப் பின்வாங்கி எழவேண்டும் என்னும் நகரச் சட்டம் 1916 இல் பிறந்தது. அச்சட்டத்தின் சொற்கள் கட்டடத்தை எவ்வடிவமாக்கும் என்பதை எவரும் தெளிவாக அறியவில்லை. 1922 இல் ஃபெரிஸ் தீட்டிய கரிக்கோல் ஓவியங்கள் அதனைப் படிப்படியாக விளக்கின. அங்கே ஓவியம் விற்பனைக்காக எழவில்லை. ஊரார்க்கு ஒரு சட்டத்தை விளக்குவதற்காக எழுந்தது. கற்பனையே ஆயினும் அது கண்ணைத் திறந்தது, கண்ணைக் கட்டவில்லை.

இனி இக்கால நிலையைக் காண்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். முற்காலத்து ஓவியத்தைப் பார்த்தவர் அஃது ஓவியம் என்றறிந்தே பார்த்தனர். கரியும் நீர்வண்ணமும் தம்மைத்தாமே காட்டிக்கொடுத்தன. 1984 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர், சுவருக்குச் சுவர் ஒளி பட்டுத் தெறிக்கும் இயல்பைக் கணக்கிட்டுப் படமாக்கும் முறையை வெளியிட்டனர். 1986 இல் ஜேம்ஸ் கஜியா ஒளியின் போக்கு அனைத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். 1990 இல் திரீடி ஸ்டுடியோ என்னும் மென்பொருள் தனிக்கணினியில் இயங்கும் வண்ணம் விற்பனைக்கு வந்தது. அன்றுதொட்டு வளர்ந்த கலை, இன்று நிழற்படத்திற்கும் காட்சிப்படத்திற்கும் வேற்றுமை தெரியாத நிலையை எய்திவிட்டது. ஓவியம் தன்னை ஓவியம் என்று அறிவித்துக்கொள்வதை நிறுத்திய நாளில்தான், வாய்மை பற்றிய கேள்வி ஓவியனின் வாசலில் வந்து நின்றது.

படத்திற்குப் பொய் உண்டா? சொல்லுக்கு உண்டு என்பதை எவரும் அறிவர். படம் பொய் சொல்வதில்லை, அழகு செய்கிறது என்று கூறுவாரும் உளர். அழகு செய்தலுக்கும் பொய் உரைத்தலுக்கும் எல்லை யாது என்பதைத் தொழிலின் நுணுக்கங்களைக் கொண்டே காணலாம். படக்கருவியின் கோணத்தை விரித்தால் பத்தடி அறை பதினைந்தடி அறைபோல் தோன்றும். கட்டிலையும் நாற்காலியையும் அளவிற் சற்றே சுருக்கினால் அறை மேலும் அகலும். பக்கத்து மனையில் நிற்கும் மின்னிலையத்தை நீக்கிவிட்டு அங்கே புல்வெளி விரிக்கலாம். நட்டுப் பத்தாண்டு கழித்து நிழல் தரவேண்டிய மரம் குடிபுகும் நாளிலேயே குடைவிரித்து நிற்கும்படி செய்யலாம். மேற்கு நோக்கிய கூடத்தில், இந்நாட்டின் பிற்பகல் வெயில் சுவரைத் தகிக்கும் என்பதை அங்கே குடியிருப்பவன் அறிவான். படத்திலோ அங்கே பொன்னிற ஒளி மென்மையாய்ப் படர்கிறது. நிலநடுக்கோட்டின் அருகே பொழுது சாய்ந்தவுடன் இருள் சூழ்ந்துவிடும். படத்திலோ வடநாடுகளுக்குரிய நீண்ட அந்தி நிலைபெற்று நிற்கிறது. அயல்நாட்டார் ஆக்கி விற்கும் ஆயத்த உருவங்களிலிருந்து எடுக்கப்பட்ட மனிதர், கோட்டும் கழுத்துத் துண்டும் அணிந்து கிள்ளான் தெருவில் நடக்கின்றனர்.

இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்து நோக்குவார்க்குச் சிறிதாகவே தோன்றும். ஆனால் பார்ப்பவன் யார் என்று கேட்டால் அளவு மாறிவிடும். ஓவியக்கூடத்தில் பார்ப்பவன் கண்டு மகிழ்ந்து போகின்றான். இங்கே பார்ப்பவனோ வாங்குபவன். தீபகற்ப மலேசியாவில் 1966 ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், வீடு எழுமுன்னரே விற்கும் முறை வழக்கில் உள்ளது. ஒப்பந்தத்தில் கையொப்பம் இடும்போது விலையில் பத்து விழுக்காடு செலுத்தி, எஞ்சியதைக் கட்டட வேலை வளர வளரச் செலுத்துவது அம்முறை. சிங்கப்பூரிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2001 முதல் விண்ணப்பித்தபின் கட்டித்தரும் முறையைப் பின்பற்றி வருகிறது. ஆகவே, குடும்பமொன்று தன் வாழ்நாட் சேமிப்பையும் முப்பதாண்டுக் கடனையும் பணயம் வைக்கும் நேரத்தில், அதன் கண்முன் நிற்பது வீடு அன்று, வீட்டின் படமே. அப்படத்தை நம்பியே அவர்கள் கையொப்பம் இடுகின்றனர். எனவே படம் வெறும் அழகுப்பொருள் அன்று, அது வாக்குறுதி.

அரசுகள் இதனை அறியாமல் இல்லை. மலேசியாவில் 1989 இல் இயற்றப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்ட விதிகள், பரந்த காட்சி தெரியும் என்று விளம்பரத்தில் உரிமை கொண்டாடுவதையும், புகழ்பெற்ற இடங்களுக்கு இத்தனை நிமிடத்தில் செல்லலாம் என்று கூறுவதையும், வாடகை வருவாய் இவ்வளவு என்று முன்னுரைப்பதையும் விலக்குகின்றன. வீடு வாங்குவோர் முறையிடுவதற்கெனத் தீர்ப்பாயம் 2002 இல் அமைந்தது. சிங்கப்பூரில், தனியார் வீடுகளின் மாதிரிக் கூடம் உண்மை வீட்டின் பரப்பையும் சுவர்களையும் பிழையின்றிக் காட்டவேண்டும் என்னும் விதிகள் 2015 இல் நடைமுறைக்கு வந்தன. எனினும், சொல்லுக்கு வேலியிடுவது எளிது. படத்திற்கு வேலியிடுவது அரிது. "பரந்த காட்சி" என்று எழுதினால் விதி தடுக்கும். பலகணிக்கு வெளியே மலையும் வானும் தெரியும்படி வரைந்தால், அதனைச் சொல் என்பதா, வெறும் அழகு என்பதா? கீழே, கண்ணுக்கெட்டாத சிற்றெழுத்தில், இஃது ஓவியரின் கற்பனைத் தோற்றமே என்று அச்சிட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிட்டதாக நிறுவனம் கருதிக்கொள்கிறது. பெரிய படத்தால் நம்பவைத்துச் சிறிய எழுத்தால் கைகழுவும் இம்முறையில், பழி ஏற்கும்படி பெயரிடப்பட்டவர் ஒருவரே. அவர் ஓவியர்.

இவ்விடத்தில், மலாயாத் தமிழரின் வரலாறு அறிந்தவர்க்கு வேறொருவரின் நினைவு வராமல் போகாது. அவர் கங்காணி. தோட்டத்திற்கு ஆள் வேண்டியபோது நிருவாகம் கங்காணியை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பிற்று. கடல் கடந்த நாட்டைக் கண்டிராத உழவரிடம், அந்நாட்டைச் சொல்லால் வரைந்து காட்டுவதே அவர் வேலை. அவர் வரைந்த படத்தில் கூலி இருந்தது, வீடு இருந்தது, திரும்பி வரும் வழியும் இருந்தது. காட்டின் இருளும் மலேரியாக் காய்ச்சலும் கடனும் அப்படத்தில் இடம்பெறவில்லை. சேர்த்த ஆளுக்குத் தரகும், வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்குத் தலைக்காசும் அவர்க்குக் கிடைத்தன. 1938 இல் இந்திய அரசு ஆள் சேர்த்து அனுப்புவதைத் தடைசெய்யும் வரை அவ்வழி வந்தவர் பல்லாயிரவர். கங்காணிகளுள் அனைவரும் பொய்யர் என்று கூறுதல் முறையன்று. அவர்களுள் பலர் தாமும் ஒருகாலத்தில் அதே படத்தைக் கண்டு வந்தவர்களே. தம் உறவினரையே அழைத்து வந்தவர்களும் உண்டு. ஆயினும் ஒன்று உறுதி. படத்தை வரைந்தவர் வேறு. படத்திற்கு விலை கொடுத்தவர் வேறு. படம் பொய்த்தபோது தோட்ட நிருவாகத்தைத் தேடி எவரும் கிராமத்திலிருந்து வர இயலவில்லை.

அந்த உழவரின் கொள்ளுப்பேரன்தான் இன்று கணினியின் முன் அமர்ந்திருக்கின்றான். அவன் முன் வரும் வேலைகளுள் ஒன்று இவ்வாறு இருத்தல் கூடும். நகர விளிம்பில் இருந்த தோட்டமொன்று விற்கப்பட்டுப் புதிய தாமான் எழவிருக்கிறது. வானிலிருந்து எடுத்த நிழற்படத்தில், லயத்து வீடுகளும் அரசமரத்தடியில் ஒரு மாரியம்மன் கோயிலும் தெரிகின்றன. அவற்றை நீக்கிவிட்டு ஏரியும் நடைபாதையும் அமைக்க வேண்டும் என்பது கட்டளை. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலால் வேரற்றுப்போன குடும்பங்களின் துயரம் ஏட்டிலும் பேச்சிலும் பதிந்துள்ளது. தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கும் நோக்குடன் துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அத்துயரம் கண்டே. இவ்வரலாற்றைப் பள்ளியில் படித்தவன் அக்கோயிலைச் சுட்டியால் தொட்டு அழிக்கும் நொடியில், ரெப்டனின் தாளைத் தூக்குபவன் ஆகின்றான்.

அழிப்பது அவன் அல்லன். அவன் கை மட்டுமே என்று மறுப்பார் உண்டு. படம் வரையாவிட்டாலும் தோட்டம் விற்கப்படும். அவன் மறுத்தால் அடுத்த மேசைக்காரன் செய்வான் என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை. ஓவியன் நிலத்தை விற்பவன் அல்லன். லயத்துக் குடும்பங்களுக்கு மாற்று வீடு வழங்கப்பட்டதா, கோயிலுக்கு இடம் ஒதுக்கப்பட்டதா என்பவற்றை முடிவு செய்பவனும் அல்லன். பழையன எல்லாம் என்றும் நிலைபெற வேண்டும் என்பதும் அறம் ஆகாது. லயத்து வீட்டின் ஒழுகும் கூரையை அறிந்தவர் புதிய வீட்டை வெறுக்கமாட்டார். ஆனால், கை மட்டுமே என்னும் மறு பாதி பொருந்தாது. எழுத்தறியாத தொழிலாளிக்காக ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தவரை எண்ணிப் பார்க்கலாம். தொழிலாளி சொன்னதை அவர் எழுதினார். அதற்கு அவர் பொறுப்பாளி அல்லர். ஆனால், ஊரிலுள்ள தாயை ஏமாற்றி நிலத்தை விற்கவைக்கும் நோக்குடன் ஒருவன் பொய்க்கடிதம் எழுதச் சொன்னால், அதனை அறிந்தே எழுதிக் கொடுத்தவர் வெறும் எழுதுகோல் ஆகிவிடுவாரா? அறிவு சென்ற தொலைவுவரை பொறுப்பும் செல்கிறது. ஓவியன் எதை அறிந்து வரைகின்றானோ அதற்கு அவன் பொறுப்பாளி ஆகின்றான்.

எனவே அவன் செய்யத்தக்கது, தொழிலைத் துறப்பதன்று, கேட்பது. கோயிலுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கலாம். அதற்கு இடம் ஒதுக்கியிருந்தால் அதனைப் படத்திலும் காட்டலாம் என்று சொல்லலாம். விற்பனைப் படத்தில், அண்டையிலுள்ள மின்னிலையம் இருக்கும் இடத்தில் புல்வெளி வேண்டா என்று எடுத்துரைக்கலாம். சிலவிடங்களில் இக்கேள்விக்குச் செவி கிடைக்கும். சிலவிடங்களில் நகைப்பு கிடைக்கும். சிலவிடங்களில் மறுமாதம் வேலையே இராது. இங்கேதான், எங்கே பணி செய்வது என்னும் கேள்வி அறத்தின் கேள்வியாகிறது. அறத்துடன் வாழ விரும்புபவன் நாள்தோறும் வீரனாய் இருத்தல் இயலாது. வீரம் வேண்டாமலே நேர்மையாய் இருக்க இடந்தரும் பணியிடத்தைத் தேர்வதே அறிவுடைமை. திருக்குறளின் பொருட்பாலில், அமைச்சர்க்குரிய இயல்புகளின் வரிசையில் வினைத்தூய்மை என்றோர் அதிகாரம் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. பிறர் பொருட்டு வினையாற்றுபவனுக்கே அத்தூய்மை மிகுதியும் வேண்டப்படுகிறது. தன் வயலை உழுபவனைக் காட்டிலும், பிறன் ஆணையை நிறைவேற்றுபவனுக்குச் சறுக்கும் இடங்கள் பல.

இந்நோக்குடன் அந்நான்கு வழிகளையும் எடைபோடலாம். கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் படம் முதலில் சிந்திப்பதற்குப் பயன்படுகிறது. இச்சுவர் இங்கே நின்றால் ஒளி எங்ஙனம் விழும் என்று அறிய வரைகின்றனர். பிழை தெரிந்தால் சுவரை மாற்றுகின்றனர். வாய்மையான படம் அங்கே அனைவர்க்கும் ஆதாயம். ஆனால் சம்பளம் குறைவு. மேரியன் மஹோனிக்கு நேர்ந்தவாறு பெயர் மறைதலும் உண்டு. பெரிய படக்கூடத்தில் கைத்திறன் விரைந்து வளரும். தேர்ந்த மூத்தோர் பலர் அருகிருப்பர். ஆயினும், கட்டடத்தையோ அது நிற்கும் மண்ணையோ அங்கே ஒருவரும் நேரிற் காண்பதில்லை. இரவு முழுதும் விழித்து விடியலில் அனுப்பும் வேலை பெரும்பாலும் அங்கேதான். காணாத இடத்தை வரைபவனுக்குக் கேள்வி கேட்கவும் தோன்றாது.

மேம்பாட்டு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் ஊதியம் மிகுதி. வாக்குறுதிக்கு மிக அருகில் அமர்ந்திருக்கும் இடமும் அதுவே. ஆதலால் அதனை அறவே விலக்குக என்று கூறுதல் எளிது, ஆனால் முறையன்று. சொன்னபடி கட்டித் தந்து, வாங்கியவரைப் பல்லாண்டு கழித்தும் தலைநிமிர்ந்து காணும் நிறுவனங்களும் உள்ளன. அங்கே நேர்மையான ஓவியன் ஒருவன் இருப்பது வாங்குபவர்க்கு அரண். கட்டாமலே கைவிட்டுப் போனவர்களும் உள்ளனர்; குடியேறாத வீட்டிற்குக் கடன் தவணை கட்டிய குடும்பங்கள் அதற்குச் சான்று. இவ்விரு நிறுவனங்களின் படங்களும் ஒரே அழகுடன் மின்னும். ஆகவே சேர எண்ணுபவன் அந்நிறுவனத்தின் படங்களைப் பார்த்தல் போதாது. அது முன்னர்க் கட்டிய தாமானுக்கு ஒருநாள் பேருந்தேறிச் சென்று, படத்தையும் வீட்டையும் பக்கத்திற் பக்கமாய் வைத்து நோக்குதல் வேண்டும். தனித்துத் தொழில் செய்பவனுக்கு மறுக்கும் உரிமை முழுதும் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டியவனுக்கு அவ்வுரிமை தாளில் எழுதிய உரிமையாகவே நின்றுவிடுதல் கூடும். தனித்து நின்ற ஃபெரிஸ் புகழ் பெற்றார். காண்டியோ கடனாளியாய் முடிந்தார் என்பதை மறத்தலாகாது.

வறுமையை அறியாத அறவுரை அறவுரை ஆகாது. கல்விக்கடனும், நோயுற்ற தந்தையும், படிக்கும் தங்கையும் உள்ள இளைஞனிடம் ஊதியத்தைப் பொருட்படுத்தாதே என்று கூறும் உரிமை, மாதச் சம்பளம் தவறாமல் பெறும் எவர்க்கும் இல்லை. குடும்பத்தைக் காத்தலும் அறமே. ஆகவே முதல் வேலை பெரும்பாலும் தேவையால் அமைகிறது. அதற்காக எவரையும் பழித்தல் தகாது. ஆயினும், தேவை ஒருவனை ஓரிடத்தில் நுழையவிடலாம். அங்கேயே என்றும் தங்கியிருப்பதற்கு அதுவே காரணமாகத் தொடர்தல் அரிது. கடன் குறைந்த பின்னும், கைத்திறன் ஓங்கிய பின்னும், வேறிடம் அழைத்த பின்னும் அவ்விடத்திலேயே இருந்தால், அது தேவை அன்று, தேர்வு. அவ்வாறு தங்குபவனுக்கு வரும் கேடு வெளியார் கண்ணுக்குப் புலப்படாதது. நாள்தோறும் அறையை அகலமாக்கும் கை, ஒருநாள் அகலத்தின் உண்மை அளவையே மறந்துவிடுகிறது. மின்னிலையத்தை நீக்கிப் பழகிய கண், தெருவில் நடக்கும்போதும் அதனைக் காண்பதில்லை. ஓவியனின் முதல் கருவி கண். அதுவே மழுங்கிய பின் ஊதியத்தால் அதனை மீட்டல் இயலாது. ஆதலால் இளைஞன் தன் முதற் சம்பளத்திலிருந்து சிறிது சேர்த்து வைத்தல், சிக்கனம் மட்டும் அன்று. மூன்று மாத உணவுக்கு வழியுள்ளவனே மறுத்துப் பேச வல்லவன் ஆகின்றான்.

இக்காலத்தில் வேறொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. 2022 முதல், சொற்களால் கேட்டவுடன் நொடிப்பொழுதில் படம் வரைந்து தரும் செயற்கை அறிவுக் கருவிகள் பரவிவிட்டன. அழகிய அந்தியையும் நிழல்தரு மரத்தையும் இனி எவரும் பெறலாம். அவ்வாறாயின் இத்தொழில் அழியுமா? அழகு மட்டுமே தந்தவர்க்கு இடர் உண்டு. ஆனால் அக்கருவி, தான் காட்டிய பலகணி வரைபடத்தில் உள்ளதா என்று வினவுவதில்லை. வாங்குபவர் கேட்டால் விடையிறுக்க வந்து நிற்பதும் இல்லை. படம் மலிந்துபோன நாளில், அப்படத்திற்குப் பொறுப்பேற்கும் மனிதனே அரியவன் ஆகின்றான். எனவே, நேர்மையைக் கைத்திறனின் அணிகலனாக எண்ணி வந்தவர், அதனைக் கைத்திறனின் உள்ளீடாகவே கருதவேண்டிய காலம் வந்துள்ளது.

இனி, ஆசிரியரைத் தேடிவந்த இளைஞனிடம் திரும்பலாம். பாலத்தைக் கடப்பதா, கடவாதிருப்பதா என்று அவர் முடிவு செய்து தரல் வேண்டா. எக்கரையிலும் நல்லாரும் உளர், அல்லாரும் உளர். அவர் அவனுக்குத் தரத்தக்கது, நேர்முகத் தேர்வில் அவனே கேட்கவேண்டிய ஒரு வினா. வேலை தருபவர் கேட்டு முடித்த பின், உங்களுக்கு ஏதேனும் ஐயம் உண்டா என்று வழக்கமாய் வினவுவார். அப்போது அவன் பணிவுடன் இவ்வாறு கேட்கலாம்: "வீடு கட்டி முடிந்தபின், வாங்கியவர் நான் வரைந்த படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றால், இந்நிறுவனத்தில் அவர்க்கு விடை கூறுபவர் யார்?"

வேலை தருபவர் சற்றே சிந்தித்து ஒருவரைச் சுட்டினால், அல்லது நானே என்று கூறினால், சம்பளம் சிறிது குறைந்தாலும் அவ்விடம் ஏற்கத்தக்கது. சிற்றெழுத்தைச் சுட்டிக்காட்டினால், தேவை துரத்தினாலன்றி அவ்விடம் ஏற்கத்தக்கதன்று. தேவை துரத்தி ஏற்றாலும், எந்நாளில் வெளியேறுவது என்பதை அன்றே தன்னுள் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கங்காணியின் படத்தைக் கண்டு கப்பலேறிய முன்னோர்க்கு, யாரிடம் சென்று கேட்பது என்பது தெரியாமலே போயிற்று. அவர் வழிவந்தவன் வரையும் படத்தை நம்பிக் கையொப்பமிடும் குடும்பத்திற்கேனும் அந்நிலை வாராதிருக்கட்டும்.